களையெடுக்கும் கைகள்

ஈப்போ நகரின் புந்தோங் பகுதிக்குச் செல்வோர் வெறுங்கையோடு திரும்புவது அரிது. முறுக்கு, பக்கோடா, வறுத்த நிலக்கடலை, காரம் தூவிய கொண்டைக்கடலை என விதவிதமான கச்சாங் பூத்தே வகைகள் அங்குள்ள கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தொடங்கிய கைத்தொழில் அது. ஒரு காலத்தில் தலையில் தட்டைச் சுமந்து விற்கப்பட்ட அந்தத் தின்பண்டம் இன்று பேராக் மாநிலத்தின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது.

ஆனால், அந்தக் கொண்டைக்கடலை பேராக் மண்ணில் விளைந்ததன்று. கொண்டைக்கடலைச் செடி குளிர்ந்த, வறண்ட பருவத்தை விரும்பும். ஆண்டு முழுவதும் மழையும் வெப்பமும் நிறைந்த மலேசியாவில் அதைப் பயிரிட முடிவதில்லை. அதனால் அது வெளிநாடுகளிலிருந்து வந்து சேர்கிறது. உலகில் விளையும் கொண்டைக்கடலையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்தியாவில் விளைகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் விதைத்து, மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டே வளர்த்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை செய்கிறார்கள்.

ஒரு பிடி கடலை கடைக்கு வந்து சேருமுன் அந்த வயலில் ஒரு போராட்டம் நடந்து முடிந்திருக்கும். அது பயிருக்கும் களைக்கும் இடையே நடக்கும் போராட்டம். பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் அதே போராட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதில் முன்வரிசையில் நின்றவர்கள் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள்.

கடலை வயலில் களை

களை என்பது வேண்டாத இடத்தில் வளரும் செடி. அது பயிருக்குரிய நீரையும் உரத்தையும் வெயிலையும் பங்குபோட்டுக் கொள்கிறது. திருவள்ளுவர் ‘உழவு’ என்னும் அதிகாரத்தில் உழுவதையும் எருவிடுவதையும் சொன்னதோடு களை நீக்குவதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். களையெடுப்பு உழவின் ஒரு பகுதி என்பது தமிழர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை.

கொண்டைக்கடலை களைக்கு எளிதில் தோற்றுவிடும் பயிர். முளைத்த பிறகு முதல் சில வாரங்களில் அது மிக மெதுவாக வளரும். அதன் இலைகள் சிறியவை. தரையை விரைவில் மூடி நிழல் பரப்ப அவற்றால் இயலாது. அந்த இடைவெளியில் சக்கரவர்த்திக் கீரையும் கோரையும் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். விதைத்த முதல் இரண்டு மாதங்களுக்குள் களையைக் கட்டுப்படுத்தாவிட்டால், சில வயல்களில் பாதிக்கும் மேற்பட்ட விளைச்சல் போய்விடும்.

கையால் களையெடுப்பதே பழைய வழி. முதல் மாதத்தில் ஒருமுறையும் இரண்டாம் மாதத்தில் ஒருமுறையும் கொத்திக் களையெடுத்தால் பயிர் நன்றாக விளையும். ஆனால், அதற்குப் பல ஆட்கள் வேண்டும். எல்லா வயல்களுக்கும் ஒரே வாரத்தில் ஆட்கள் தேவைப்படும்போது கூலி ஏறும். ஆள் கிடைப்பதும் அரிதாகும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே களைக்கொல்லி. கடலை வயல்களில் பெண்டிமெத்தலின் என்னும் களைக்கொல்லியை விதைத்த இரண்டு மூன்று நாள்களுக்குள் மண்ணின் மேல் தெளிப்பார்கள். அது மேல்மண்ணில் மெல்லிய படலமாகத் தங்கி, அங்கே முளைவிடும் களை விதைகளின் வளர்ச்சியைத் தடுக்கும். கடலை விதை அதற்குக் கீழே ஆழமாக ஊன்றப்பட்டிருப்பதால் தப்பித்துக்கொள்ளும். ஆனால், பயிர் முளைத்து வளர்ந்த பிறகு இவ்வளவு எளிதாகக் களையைக் கொல்ல முடியாது. கொண்டைக்கடலையும் அகன்ற இலைத் தாவர வகையைச் சேர்ந்தது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துகளுள் பல கடலைச் செடியையும் சேர்த்தே கொன்றுவிடும். அதனால், தொடக்கத்தில் தெளித்துவிட்டுப் பின்னர் ஒருமுறை கையால் களையெடுப்பதே பல இடங்களில் பரிந்துரைக்கப்படும் முறையாக இருக்கிறது.

களைக்கொல்லி விளைச்சலைக் காக்கிறது; உழைப்பைக் குறைக்கிறது. இது மறுக்க முடியாத நன்மை. எனினும், அந்த நன்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கான விடையைப் பேராக் தோட்டங்களின் வரலாற்றில் காணலாம்.

பேராக் தோட்டங்களில் களையெடுப்பு

1877ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட இரப்பர்க் கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த சில பத்தாண்டுகளில் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான் என மாநிலம் முழுவதும் தோட்டங்கள் எழுந்தன. அங்கு வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். ஆண்களும் பெண்களும் பால் வெட்டினர். கன்றுகளைச் சுற்றிக் களையெடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு புல்கூட இல்லாமல் தரை துடைத்தாற்போல் இருப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனக் கருதப்பட்டது. மண்வெட்டியும் கொத்தும் ஏந்திய கைகள் மாதந்தோறும் தரையைச் சுரண்டின. ஆனால், மூடுவதற்குப் புல் இல்லாத மண்ணைப் பேராக்கின் கனமழை அரித்துச் சென்றது. வளமான மேல்மண் ஆற்றோடு போனது. களையே இல்லாத நிலம் வளமான நிலமாக இருக்க வேண்டும் என்பதில்லை என்ற பாடத்தைத் தோட்ட நிருவாகங்கள் காலந்தாழ்த்தியே கற்றன.

தோட்டங்களைப் பெரிதும் தொல்லைப்படுத்திய களை லாலாங் புல். அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள் நெடுந்தூரம் ஓடும். வெட்டினாலும் எரித்தாலும் மீண்டும் முளைக்கும். அதைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்னும் ஆர்சனிக் நஞ்சு பல தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. அது புல்லோடு நிற்கவில்லை. தெளித்த இடத்தில் மேய்ந்த ஆடு மாடுகளுக்கும் தெளித்தவர்களுக்கும் அது ஆபத்தாக இருந்தது.

இந்நிலையில், 1960களில் பாராகுவாட் என்னும் புதிய களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1955இல் அதன் களைக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தனர். 1962இல் அது விற்பனைக்கு வந்தது. தோட்டங்களுக்கென்றே செய்தது போன்ற பண்புகள் அதற்கு இருந்தன. பச்சை இலையில் பட்டால், வெயில் இருக்கும்போது சில மணி நேரத்திலேயே இலை கருகிவிடும். தெளித்த சிறிது நேரத்தில் மழை பெய்தாலும் அதன் வேலை கெடாது. மண்ணில் விழுந்தால் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். முதிர்ந்த மரத்தின் பழுப்புப் பட்டையில் பட்டாலும் மரத்திற்குப் பெரிய கேடில்லை.

அக்காலத்தில் இரப்பருக்குப் பதிலாகச் செம்பனை பரவத் தொடங்கியது. செம்பனையின் அடியைச் சுற்றி வட்டமாகக் களை நீக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் உரம் மரத்தைச் சேரும்; குலை வெட்டுபவர் நடமாட முடியும்; உதிர்ந்த பழங்களைப் பொறுக்க முடியும். அந்த வட்டங்களில் மண்வெட்டியின் இடத்தைத் தெளிப்பான் பிடித்தது. கருவி மாறியது, கைகள் மாறவில்லை. மண்வெட்டி பிடித்த பெண்களே தெளிப்பானை முதுகில் ஏற்றிக்கொண்டனர்.

‘மருந்து’ என்ற சொல்

தோட்டப்புறத்தில் இந்த வேலைக்கு ‘மருந்தடிப்பது’ என்று பெயர். மலாய் மொழியில் களைக்கொல்லியை ‘ராச்சுன் ரும்புட்’ என்பார்கள். ராச்சுன் என்றால் நஞ்சு என்று பொருள். அதே திரவத்தைத் தமிழில் மருந்து என்று அழைத்தனர். மருந்து என்பது நோய் தீர்ப்பது. அந்தப் பெயரைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதன் ஆபத்து முழுமையாக எட்டவில்லை.

ஒரு தெளிப்பானில் ஏறத்தாழ 16 லிட்டர் நீர் பிடிக்கும். அதை முதுகில் சுமந்து, ஒரு கையால் பிடியை மேலும் கீழும் அசைத்து, மறு கையால் குழலை நீட்டி, மரத்திற்கு மரம் நடக்க வேண்டும். தீர்ந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டும். ஒரு நாளில் இது பலமுறை நடக்கும். அடர்ந்த மருந்தை அளந்து நீரில் கலப்பதே மிக ஆபத்தான வேளை. அப்போது தெறிக்கும் துளி நீர் கலவாத நஞ்சு. மூடி தளர்ந்த தெளிப்பானிலிருந்து ஒழுகும் நீர் முதுகை நனைக்கும். எதிர்க்காற்று அடித்தால் தூவல் முகத்தில் படும்.

பாராகுவாட் தோலில் பட்டால் எரிச்சலும் புண்ணும் உண்டாகும். தொடர்ந்து கையாண்டால் நகங்கள் சிதையும். சிலருக்கு உதிர்ந்தும் போகும். தூவலைச் சுவாசித்தவருக்கு மூக்கில் இரத்தம் வடிவதுண்டு. கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். தவறியோ மனமுடைந்தோ அதைக் குடித்துவிட்டால், மிகச் சிறிய அளவே உயிரைப் பறித்துவிடும். அந்த நஞ்சு நுரையீரலில் சேர்ந்து அதைச் சிதைக்கும். அதற்கு முறிமருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

கையுறை, முகமூடி, கண்ணாடி, நீண்ட காலணி ஆகியவற்றை அணிந்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். பாதுகாப்பு உடை கட்டாயம் தேவை. ஆனால், குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் எழுதிய அறிவுரை பேராக்கின் நண்பகல் வெயிலுக்கு அப்படியே பொருந்திவிடாது. வியர்வை பெருகும், கண்ணாடி மங்கும், மூச்சு முட்டும். நாள்கூலிக்கு வேலை செய்பவர் இடையில் நின்று ஓய்வெடுத்தால் அன்றைய வேலை முடியாது. எனவே, முகமூடி கழுத்துக்கு இறங்கும். பழைய துணி ஒன்று மூக்கைச் சுற்றும். குறிப்புத்தாள் தொழிலாளிக்குத் தெரியாத மொழியில் இருந்தால் அதில் எழுதிய எச்சரிக்கையும் பயன் தராது.

தடையும் தயக்கமும்

மலேசியாவில் பூச்சிக்கொல்லிகளும் களைக்கொல்லிகளும் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எந்த மருந்தை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதை அச்சட்டப்படி அமைந்த வாரியம் முடிவு செய்கிறது.

தோட்டப் பெண்களின் நிலையை வெளியுலகிற்குக் கொண்டுவந்த அமைப்புகளுள் தெனாகானித்தா முக்கியமானது. ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய அவ்வமைப்பு, ஆசிய பசிபிக் வட்டாரப் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் இணைந்து, மருந்தடிக்கும் பெண்களைச் சந்தித்து அவர்களுடைய உடல்நலக் குறைகளைப் பதிவு செய்தது. அந்த ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. அதுவரை தோட்டத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்த தோல் புண்ணும் மூக்கு இரத்தமும் நாடறிந்த செய்திகளாயின.

அதே 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தும் முடிவை அரசாங்கம் அறிவித்தது. ஆனால், மாற்று மருந்துகளுக்குச் செலவு கூடும் என்ற வாதம் தோட்டத் துறையிலிருந்து எழுந்தது. 2006இல், மேலும் ஆராய்வதற்காக அம்முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் நெடுங்காலம் கடந்து, 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் மலேசியாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. முதல் அறிவிப்புக்கும் இறுதித் தடைக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. ஒரு பெண் இளமையில் தெளிப்பானைச் சுமக்கத் தொடங்கி நடுவயதை எட்டிவிடும் காலம் அது.

இந்த வரலாற்றில் இருதரப்பு நியாயங்களும் உண்டு. மலிவான, விரைவான களைக்கொல்லி இல்லாவிட்டால் தோட்டத்தின் செலவு கூடும் என்பது உண்மை. செலவு கூடினால் சிறு தோட்டக்காரர்களும் பாதிக்கப்படுவர். எனினும், மருந்தின் விலை கணக்கேட்டில் தெளிவாகத் தெரிகிறது. தெளித்தவரின் உடல்நலக் கேடு கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய கணக்கு சரியான கணக்காகாது.

எதிர்த்து நின்ற புல்

களைக்கொல்லியை மட்டுமே நம்புவதில் மற்றொரு சிக்கலும் இருக்கிறது. அதுவும் பேராக்கில் வெளிப்பட்டது.

1974இல் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி விற்பனைக்கு வந்தது. பாராகுவாட் பட்ட இலையை மட்டும் கருக்கும். கிளைபோசேட்டோ இலைவழியே உள்ளே சென்று வேர்வரை பரவும். தாவரங்களுக்கு இன்றியமையாத ஒரு நொதியத்தை அது முடக்கிவிடும். உடனடி நச்சுத்தன்மையில் பாராகுவாட்டைவிட அது பெரிதும் குறைந்தது. ஆதலால், தோட்டங்களிலும் பழத்தோட்டங்களிலும் அது பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. அதன் நீண்டகால விளைவுகள் குறித்து இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2015இல் அதைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனத் தோன்றும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்புகளோ அத்தகைய ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தன.

1990களின் பிற்பகுதியில் தெலுக் இந்தானில் இருந்த ஒரு பழத்தோட்டத்தில், கிளைபோசேட் அடித்தும் ஒரு புல் சாகாமல் நின்றது. மலாயில் அதை ரும்புட் சம்பாவ் என்பார்கள். அது கேழ்வரகுக்கு நெருங்கிய உறவுப் புல். உலகில் கிளைபோசேட்டை எதிர்த்து நின்றதாகக் கண்டறியப்பட்ட முதல் சில களைகளுள் அதுவும் ஒன்று.

புல்லுக்கு அறிவு வந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான புற்களில் ஏதோ ஒன்றிரண்டில், அந்த நொதியத்தின் அமைப்பு இயல்பாகவே சற்று மாறியிருக்கும். மருந்தடித்தபோது மற்றவை மடிந்தன. அந்த ஒன்றிரண்டு மட்டும் பிழைத்து விதை பரப்பின. ஆண்டுக்குப் பலமுறை ஒரே மருந்தை அடிக்க அடிக்க, எதிர்ப்புள்ள புல்லே வயலில் மிகுந்தது. 2009இல் குளூபோசினேட் என்னும் வேறொரு களைக்கொல்லியையும் இதே புல்லினம் மலேசியாவில் எதிர்த்து நின்றது கண்டறியப்பட்டது. ஒரு மருந்து தோற்றதும் அடுத்த மருந்துக்குத் தாவுவது நிலையான தீர்வாகாது என்பதை அது காட்டியது.

மூடுபயிர் தரும் வழி

வேறு வழி உண்டா? கொண்டைக்கடலையின் குடும்பத்திலேயே ஒரு விடை இருக்கிறது.

அவரை, துவரை, கொண்டைக்கடலை ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் கொடிகளும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றை இளம் இரப்பர், செம்பனைக் கன்றுகளுக்கு இடையே விதைத்தால், கொடி தரையை அடர்த்தியாக மூடும். வெயில் படாததால் களை விதைகள் பல முளைப்பதில்லை. மழைத்துளி நேரடியாக மண்ணைத் தாக்காது. மண் அரிப்புக் குறையும். இக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. கொடியின் இலைகள் உதிர்ந்து மக்கும்போது அந்த நைட்ரஜன் மண்ணுக்கு உரமாகிறது. இவற்றையே மூடுபயிர் என்பர்.

மூடுபயிரால் எல்லாக் களையையும் ஒழித்துவிட முடியாது. மரங்கள் வளர்ந்து நிழல் கூடியதும் கொடி மெலிந்துவிடும். கவனிக்காவிட்டால் கன்றின் மேலேயே ஏறிப் படரும். ஆகவே, வேளாண் அறிஞர்கள் பல வழிகளை ஒன்றிணைக்கச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் மூடுபயிர், மரவட்டத்தில் தேவையான இடத்தில் மட்டும் களைக்கொல்லி, பாதைகளில் புல்வெட்டும் கருவி, சில தோட்டங்களில் மேய்ச்சலுக்கு ஆடு மாடுகள். மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால், ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். கேடு விளைவிக்காத மென்மையான புல்லை முழுவதும் ஒழிக்காமல் விட்டுவைப்பதும் ஒரு நல்ல முறையே.

விளைச்சலின் கணக்கு

கடலை வயலானாலும் செம்பனைத் தோட்டமானாலும் களையைக் கட்டுப்படுத்தாமல் விளைச்சல் இல்லை. களைக்கொல்லியை முற்றாக வெறுப்பது உழவரின் சிரமத்தை அறியாதவர் பேச்சு. அதை அளவின்றி அடிப்பது மண்ணையும் மனிதரையும் மறந்தவர் செயல். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, யார் கையால் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே தெளிப்பானை எடுக்க வேண்டும்.

முன்னாள் இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போவிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் குடியேறிவிட்டன. அக்குடும்பங்கள் பலவற்றில், மருந்தடித்து ஓய்ந்த பாட்டியொருவர் இன்னமும் இருக்கக்கூடும். பள்ளிப் புத்தகமும் சீருடையும் அந்தக் கூலியில் வாங்கியவையாக இருக்கலாம். அவருடைய கைகளை ஒருமுறை உற்றுப் பார்த்து, அவர் வேலை செய்த நாள்களைப் பற்றிக் கேட்டால், எந்தத் தோட்டத்தின் கணக்கேட்டிலும் எழுதப்படாத பக்கம் ஒன்று கிடைக்கும்.

சிந்தித்து விடையளித்திடுக

1. கொண்டைக்கடலைப் பயிர் களைக்கு எளிதில் தோற்றுவிடுவதற்கான காரணங்கள் யாவை?
2. ‘மருந்து’ என்ற சொல் தோட்டத் தொழிலாளர்களின் பாதுகாப்பை எவ்வாறு பாதித்திருக்கலாம்?
3. தெலுக் இந்தானில் கண்டறியப்பட்ட புல் கிளைபோசேட்டை எதிர்த்து நின்றது எவ்வாறு? விளக்குக.
4. பாராகுவாட் தடை தொடர்பாக 2002, 2006, 2020 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் கால வரிசையில் எழுதுக.
5. உன் குடும்பத்தில் அல்லது வட்டாரத்தில் தோட்டத்தில் வேலை செய்த முதியவர் ஒருவரை நேர்காணல் செய்து, அவருடைய அனுபவத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.